மீஞ்சூருக்கு வடக்கே உப்பேறிய நிலமும் கிணறும் திரும்புமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மீஞ்சூருக்கு வடக்கே சொந்த ஊர், பாட்டன் வழியில் வந்த 3 ஏக்கர். கிணறு உப்பாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஊரில் இருக்கும் அம்மா குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார். 400 அடிக்குப் போர் போட்டால் இளநீர் மாதிரி வரும் என்கிறார் ஒருவர். பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். நிலமும் தண்ணீரும் திரும்ப வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு, தம்பி. மூன்று நான்கு மழைக்காலம் பொறுக்க வேண்டும், ஊரில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போர் மட்டும் போடாதீர்கள். உப்பு எப்படி உள்ளே வந்தது என்று தெரிந்தால்தான் அது எந்த வழியாக வெளியேறும் என்பது புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். வேலைக்காலம் முழுக்க மண்ணும் கிணறும்தான் பார்த்தேன். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெல் பருவமும் நடக்கும். சித்திரை வெயிலிலும் கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீர் அவ்வளவு தாராளமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொசஸ்தலை ஆற்றைப் பழைய பாலாறு என்பார்கள். முன்னொரு காலத்தில் பாலாறே இந்த வழியாகக் கடலுக்குப் போனது என்பது நிலவியல்காரர்கள் சொல்வது. ஆறு தெற்கே திரும்பிய பிறகும் அது கொண்டுவந்து போட்ட மணல் அடியில் அப்படியே தங்கிவிட்டது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று மேற்கிலிருந்து கிழக்காக அந்த மணல் அடுக்கு நிறைய நல்ல தண்ணீர் நின்றது.

அந்தச் செழிப்பே வினையானது. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு ஓர் ஆய்வு நடந்தது. சென்னைக்குத் தண்ணீர் தேடி வந்தவர்கள் இந்த மணலைக் கண்டுபிடித்தார்கள். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் மூன்று இடத்திலும் வரிசையாகக் குழாய்க்கிணறுகள் இறங்கின. மீஞ்சூர்த் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போனது. 80களில் பூண்டி, கன்னிகைப்பேர், ஆற்று வெள்ளச் சமவெளி என்று இன்னும் மூன்று இடங்கள் சேர்ந்தன. விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். பிறகு வயல் கிணற்றுத் தண்ணீரே லாரியில் ஏறி நகரத்துக்கு விலைபோனது. கொசஸ்தலை, ஆரணி இரண்டு ஆற்றிலும் மணலை அள்ளினார்கள். மணல் போனதும் ஆற்றில் வரும் வெள்ளம் நின்று ஊறாமல் நேராகக் கடலுக்கு ஓடியது. எடுப்பது கூடிக்கொண்டே போனது, ஊறுவது குறைந்துகொண்டே வந்தது. கடல்நீர் 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. 1987இல் சுமார் 9 கிலோமீட்டர். அதே 1987இல்தான் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உப்பு மேற்கே நகர்ந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மனதில் பதிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். நூற்றுக்கு இரண்டரைதான் வித்தியாசம், அது போதும். கடற்கரைப் பகுதியின் மணலுக்குள் உப்புத்தண்ணீர் கீழேயும் நல்ல தண்ணீர் அதன்மேல் மிதந்தபடியும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அது தன் எடையால் உப்பைச் சுமார் 40 அடி கீழே அழுத்தி வைக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பேர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டு சொன்ன விதி இது. இப்போது திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். நமக்குக் கிணற்றில் தண்ணீர் ஓரடி குறைந்ததுதான் தெரியும். அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

சோறு வடித்த கஞ்சியைச் சற்று நேரம் வைத்தால் மேலே தெளிவு நிற்கும் இல்லையா? கரண்டியின் நுனியால் பதமாக எடுத்தால் தெளிவு மட்டும் வரும். ஆழமாக விட்டுக் கிண்டினால் அடியில் இருக்கும் கெட்டிதான் மேலே வரும். 400 அடி போர் என்பது அந்த ஆழக் கரண்டி. என் பெரியப்பா அடுத்தடுத்து மூன்று போர் போட்டார். மூன்றிலும் முதலில் நல்ல தண்ணீர்தான். போர் வண்டிக்காரர் டம்ளரில் பிடித்து எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு வெயில்காலம் இறைத்த பிறகு ஒவ்வொன்றும் கரித்தது. நம் பக்கத்தில் மேல் மணலுக்கும் கீழ் மணலுக்கும் நடுவே களிமண் படலம் உண்டு. போர் அதைத் துளைத்துக்கொண்டு போகும். குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காவிட்டால் ஓர் அடுக்கின் உப்பு அடுத்த அடுக்குக்கும் இறங்கிவிடும். பெரியப்பா வைத்த போர் பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றையும் கெடுத்தது. பெரியப்பா கடைசிவரை அதை நினைத்து வருந்தினார்.

அப்படியானால் வழி என்ன? மேலே நல்ல தண்ணீரை ஏற்ற வேண்டும். அதைச் செய்யும் அமைப்பு நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் ஏரி. உங்கள் 3 ஏக்கருக்கான மருந்து அந்த 3 ஏக்கருக்குள் இல்லை, தம்பி. ஏரியிலும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயிலும் இருக்கிறது.

ஏரி என்றால் மண்வெட்டியோடு போய்த் தூர் வாருவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் முதலில் வரத்துக் கால்வாயில் நடக்கச் சொல்வேன். மேல் ஏரி நிரம்பி வழியும் இடமான கலங்கலில் தொடங்கி உங்கள் ஏரிவரை கால்நடையாக ஒருமுறை போய்வாருங்கள். எங்கே ரோடு போட்டபோது குழாய் பதிக்காமல் விட்டார்கள், எங்கே மனைப்பிரிவின் சுவர் குறுக்கே நிற்கிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஏரிகளில் பாதிக்கு மேல் மழை பெய்தும் காய்ந்து கிடந்ததற்குக் காரணம் இந்த அடைப்புகள்தான். ஏரியில் கொள்ளளவு இருந்தது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை. கால்வாய் திறக்காமல் ஏரியை ஆழப்படுத்துவது வீண் செலவு.

ஆழப்படுத்துவதிலும் நம் பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சவுடு மண் எடுக்கிறேன் என்று ஏரிக்குள் இருபது, முப்பது அடிக்குக் குழி போட்டுவிடுகிறார்கள். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் அந்த வழியாக வயலுக்கு வராது. அதோடு கடலோர ஊர்களில் அந்தக் குழி அடியிலிருக்கும் உப்பைத் தொட்டுவிட்டால் ஏரித் தண்ணீரே கெட்டுப்போகும். பல வருடமாகச் சேர்ந்த வண்டலை மட்டும் எடுங்கள். அதை வீசவும் வேண்டாம். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கினால் விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாகத் தங்கள் நிலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். உப்பில் செத்துப்போன மண்ணுக்கு அதைவிட நல்ல உரம் எனக்குத் தெரியாது.

தண்ணீர் நின்றால் உப்பு பின்வாங்குமா என்று சந்தேகம் வரும். வாங்கும். பொன்னேரிப் பக்கம் ஆண்டார்மடத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் ஒரு சிறிய கசிவுக் குட்டை வெட்டிப் பார்த்தார்கள். அதைச் சுற்றியிருந்த நிலத்தடி நீரில் உப்பு குறைந்தது. ஆரணி ஆற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையில் தேங்கிய தண்ணீர் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரை ஏற்றியதையும் அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை அரசு பலப்படுத்தியதன் நோக்கங்களில் ஒன்று கடல்நீரைப் பின்னுக்குத் தள்ளுவது. கொசஸ்தலையில் வல்லூர் அணைக்கட்டையும் ஆரணி ஆற்றில் லட்சுமிபுரம் அணைக்கட்டையும் வெறும் பாசன வேலையாகப் பார்க்காதீர்கள். வல்லூருக்குக் கீழே ஆற்றில் கடல் ஏற்றம் வந்து போகிறது. அந்தச் சுவர்தான் ஆற்றுவழியே வரும் உப்புக்குக் கதவு. மேலே தண்ணீர் நிரம்பி நிற்கும் நாள் எத்தனை கூடுகிறதோ அத்தனை நாள் நிலத்துக்கடியிலும் அழுத்தம் நிற்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் எவ்வளவு ஊறவைத்தாலும் நகரமும் தொழிற்சாலையும் பழைய மாதிரி உறிஞ்சினால் பயனில்லை. இந்த விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்று படியாகச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலை 2019இல் வந்தது, நாளுக்கு 4.5 கோடி லிட்டர். மணலி ஆலைகள் அந்தத் தண்ணீரில் ஓடினால் மீஞ்சூர் மணலுக்கு அந்த அளவு ஓய்வு. சென்னையின் கழிவுநீர் முழுவதும் இப்படித் திரும்ப வேண்டும் என்று கேட்பது நம் கிராமங்களின் உரிமை என்றே நினைக்கிறேன். நம் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் அது.

சரி, அம்மாவுக்கு இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஏரி நிரம்பும்வரை அவர் கேன் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுக் கூரை 400 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வருடத்துக்கு 100 செ.மீ.க்கு மேல் மழை. கூரையில் மட்டும் விழுவது ஏறக்குறைய 37,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் வருடத்துக்கு 18,250 லிட்டர். பாதிதான். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வருவதை மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியே 10,000 லிட்டர் மூடிய தொட்டியில் பிடித்தால் கோடைவரை ஓடும். வெயில் படாமல், கொசு புகாமல் மூடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது மண்ணுக்குள் விடுவதையே பெரிதாகப் பேசினார்கள். அடியில் உப்பு இருக்கும் நம் ஊரில் குடிப்பதற்கு உள்ளதைத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் சரி. மிச்சத்தை நிலத்துக்குள் விடலாம்.

ஊரில் ஆர்.ஓ. மிஷின் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பெரும்பகுதியை அது கழித்து வெளியே விடும். முன்பிருந்ததைவிட உப்பு அதிகமான தண்ணீர் அது. பல இடத்தில் அதைப் பக்கத்துக் குட்டையிலேயே விடுகிறார்கள். உப்பை எடுத்து உப்பை ஊற்றுகிற வேலை. பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு என்று திருப்பிவிட்டு, மிச்சம் ஏரிப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் விஷயத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். உங்கள் தெருவுக்கு அது வருகிறதா, வருவதில் உப்பு எவ்வளவு என்று ஊராட்சியில் கேளுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை கரைந்த உப்பு இருக்கலாம், வேறு ஊற்றே இல்லாதபோது 2,000வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரம்.

இனி நிலத்துக்கு வருவோம். கருவேலத்தை ஒரே நாளில் ஜேசிபி விட்டு வழித்துவிடாதீர்கள். எனக்கும் அந்த மரம் பிடிக்காதுதான். ஆனால் உப்பு மண்ணை மொட்டையாக வெயிலில் போட்டால், அடியிலிருக்கும் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பை மேல்மண்ணில் விட்டுவிட்டுப் போகும். வெள்ளை பூத்த மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த வருடம் எவ்வளவு நிலத்தில் மழைக்கு முன் வரப்பு போட்டு உழ முடியுமோ அவ்வளவை மட்டும் வேரோடு எடுங்கள். மிச்சம் அடுத்த வருடம்.

மண்ணைப் பரிசோதித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு வியாதிக்கும் மருந்து வேறு. கரைந்த உப்பைக் காட்டும் ஈ.சி. 4க்கு மேல், காரத்தைக் காட்டும் பி.எச். 8.5க்குள் என்றால் அது உவர் நிலம். கழுவினால் போய்விடும். பி.எச். 8.5ஐத் தாண்டி, சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் களர் நிலம். அதற்கு முதலில் ஜிப்சம் போட்டுத்தான் கழுவ வேண்டும். பார்க்காமலே எல்லாரும் ஜிப்சம் கொட்டுவது காசுக்குக் கேடு. திரூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. டி.கே.எம். என்று பெயர் தொடங்கும் நெல் ரகமெல்லாம் அங்கிருந்து வந்தவை. நம் மாவட்டத்து மண் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கழுவுவது என்றால் இதுதான். நிலத்தைச் சுற்றி மூன்றடி ஆழ வடிகால், அது ஊர் வடிகாலோடு சேர வேண்டும். உள்ளே ஒன்றரை அடி உயர வரப்பு, மட்டமான சின்னச் சின்னப் பாத்தி. 1 செ.மீ. மழை 1 ஏக்கரில் 40,000 லிட்டர் தண்ணீர். அத்தனையையும் பாத்திக்குள் நிறுத்துங்கள். ஓரடி மண்ணுக்கு ஓரடி தண்ணீர் ஊடுருவி இறங்கினால் அந்த மண்ணின் உப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கீழே போய்விடும். வடிகால் இல்லாமல் இதைச் செய்தால் இறங்கிய உப்பு பங்குனியில் திரும்ப மேலே வரும். நம் பக்கத்தில் இதைச் செய்தும் தோற்றவர்கள் பெரும்பாலும் வடிகால் வெட்டாதவர்கள். அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுங்கள். முதல் பயிர் நெல்தான். தண்ணீர் நின்றபடி வளர்வதால் மண்ணைக் கழுவிக்கொண்டே வரும். களர் என்றால் திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். ரகங்கள் தாங்கும். நாற்றைக் கொஞ்சம் முற்றவிட்டு, குத்துக்கு நாலைந்தாக நடுங்கள். இளநாற்றுதான் உப்பில் முதலில் கருகும். வரப்பில் பனங்கொட்டை போட்டு வையுங்கள், பேரன் காலத்துக்கு ஆகும்.

கிணறு? பழைய கிணற்றைத் தூர்த்துவிடாதீர்கள். இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு மேல்மணலில் பதினைந்து, இருபது அடிக்குள் நல்ல தண்ணீர் நிற்கத் தொடங்கும். அதைச் சின்ன மோட்டாரில், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பதமாக எடுக்க வேண்டும். ஒரே கிணற்றில் ஆறு மணி நேரம் இறைப்பதைவிட, தள்ளித் தள்ளி மூன்று உறைகிணற்றில் இரண்டிரண்டு மணி நேரம் இறைப்பது மேல். கஞ்சித் தெளிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலம் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, செப்பாக்கம் மாதிரி அனல்மின் சாம்பல் படிந்த இடமாக இருந்தால் மேலே சொன்னது போதாது. சாம்பலை அள்ளி அப்புறப்படுத்தாமல் அங்கே எதுவும் கழுவிப் போகாது. அந்தப் பொறுப்பு சாம்பல் விட்டவர்களுடையது. இறால் குட்டை பக்கத்தில் இருந்தாலும் முதலில் அதன் கசிவைத் தடுக்கும் வழக்குதான் வேலை.

ஏரிக்கு வருவோம், அதுதான் தலை. ஏரி பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 100 ஏக்கருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. எதுவாக இருந்தாலும் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மே 1 தீர்மானம்தான் மழைக்கு முன் வேலைக்கு உதவும். எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வரத்துக் கால்வாய் எந்த சர்வே எண்ணில், எத்தனை அகலம் என்று காகிதத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை முதல் எதிரியாக்காதீர்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டு நீங்களே தீர்மானத்தில் சேருங்கள். தண்ணீரை அதிகம் மறிப்பது பெரும்பாலும் பெரிய சுவர்கள்தான்.

விற்பது பற்றி அண்ணனோடு சண்டை வேண்டாம். மூன்று வருடம் தவணை கேளுங்கள். ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சை ஒவ்வொன்றும் மனையாகும்போது அந்த ஏரியைக் காப்பதற்கு ஊரில் ஓர் ஆள் குறைகிறார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

மண்ணைச் சித்திரை, வைகாசியில் எடுங்கள், உப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஏக்கருக்கு எட்டுப் பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து அரைக் கிலோ. அதே இடங்களில் ஓரடிக்குக் கீழேயும் தனியாக அரைக் கிலோ. கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, வைகாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை சோதியுங்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் அளவு வந்ததும் உங்கள் ஏரியின் சர்வே எண்ணையும் சேர்த்து எனக்குச் சொல்லுங்கள், வரைபடத்தை வைத்துக்கொண்டு கால்வாய் எங்கே அறுந்திருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.